ரெண்டாவது வார்த்தை

யாரோ மைக் பட்டனை விடல. பேசி முடிச்சா விரலை எடுக்கணும், இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் விமானம் ஓட்டுறானுங்க, எந்த மூதியோ தெரியல, காதுக்குள்ள உஸ்ஸுன்னு ஒரே இரைச்சல், விசில் வர்றதுக்கு முன்னால குக்கர் மூச்சு விடுமே அந்த மாதிரி, நடுவுல யாரோ இருமுறது, ஏதோ கவரைப் பிரிக்கிற சத்தம். விட்டுருவான், இப்ப விட்டுருவான். இது அப்பப்ப நடக்கிறதுதான், ரெண்டு மூணு விநாடி இரையும், அப்புறம் டக்குன்னு ஒரு சத்தம், வழி திறந்துரும், நானும் மனசுக்குள்ள நாலு வார்த்தை திட்டிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். எங்க எல்லாருக்கும் ஒரே அலைவரிசைதான். என் பங்குக்கு ஒதுக்கின வானத்துல இப்பப் பறந்துக்கிட்டிருக்கிற பத்துப் பன்னெண்டு விமானத்துக்கும், கீழே இந்த இருட்டு அறையில திரைக்கு முன்னால உட்கார்ந்து அதுகளுக்கு வழி சொல்ற இந்தச் சுகிர்தாவுக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணு. ஒருத்தர் பேசினா மத்தவங்க கேட்கணும். ரெண்டு பேர் சேர்ந்து பேசினா ரெண்டும் கெட்டு வெறும் கீச்சு. ஒத்தையடிப் பாதையில எருமையைக் குறுக்க நிறுத்தின மாதிரி எவனோ நிறுத்தி வச்சிருக்கான். விடுப்பா, விடு. வெளியே கத்திரி வெயில், உள்ளே மெஷினுக்காகப் போட்டு வச்சிருக்கிற குளிரு, அந்தக் குளிருக்குள்ள எனக்கு மட்டும் கழுத்திலேருந்து குபுகுபுன்னு சூடு ஏறுது, இந்த வயசுல இது ஒரு சனியன், போர்த்தியிருந்த சால்வையை இழுத்துக் கீழே போட்டேன், இன்னும் கொஞ்ச நேரத்துல நடுங்கிக்கிட்டே திரும்ப எடுப்பேன். லீவு போட்டவருக்குப் பதிலா வந்து உட்கார்ந்திருக்கேன், நேத்தும் சரியாத் தூக்கமில்ல, தொண்டை காலையிலேருந்து கரகரன்னு கிடக்கு, இன்னிக்கு எதையும் ரெண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்ல.

விடல. சரி, அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு திரையைப் பார்த்தா, பார்க்க வேண்டாத ரெண்டு மேலதான் கண்ணு முதல்ல போகுது. ஒண்ணு சரக்கு விமானம், இங்கேருந்து கிளம்பி மேற்கே பார்த்து ஏறிக்கிட்டிருக்கு. இன்னொண்ணு கொழும்பிலேருந்து வடக்கே போற பயணிகள் விமானம், முப்பத்திரெண்டாயிரம் அடியில ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேராப் போகுது. ரெண்டு பாதையும் காவிரிக்கு மேல வெட்டிக்குது. வெட்டிக்கிறது தப்பில்ல, வானத்துல எந்தப் பாதையும் எங்கேயாவது இன்னொண்ணை வெட்டத்தான் செய்யும், பக்கவாட்டுல அஞ்சு மைல் இருக்கணும், இல்லையா உயரத்துல ஆயிரம் அடி இருக்கணும், ரெண்டுல ஒண்ணு இருந்தா போதும், அப்படிப் பிரிச்சு வைக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். பிரிச்சு வைக்கிறதுல நான் கெட்டிக்காரி. எங்க பெரியண்ணன் ஜெபமணிக்கும் சின்னண்ணன் ஆசீருக்கும் பேச்சுவார்த்தை நின்னு எத்தனையோ வருஷமாச்சு, எதுக்குன்னு கேட்டா ரெண்டு பேருக்குமே இப்பச் சொல்லத் தெரியாது, ஆனா எங்க அக்கா மகள் கல்யாணத்துல, தூத்துக்குடியில ஒரே மண்டபத்துக்குள்ள, காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் நேருக்கு நேர் முட்டிக்காம பார்த்துக்கிட்டவ நான். பெரியவரை முதல் பந்தியில உட்கார வச்சேன், அந்த நேரம் பார்த்துச் சின்னவரைக் குருவானவரைக் கூட்டிட்டு வரச் சொல்லி அனுப்பினேன், அவர் திரும்பும்போது பெரியவரை மொய் எழுதுற இடத்துக்குத் தள்ளிட்டேன். சுகிர்தா ஆபீஸைக் கையோட தூக்கிட்டு வந்துட்டாளேன்னு அத்தான் சிரிச்சார். சிரிக்கட்டும். அன்னிக்கு எனக்கு வாய் இருந்துச்சு, காலும் இருந்துச்சு, ஒருத்தரைப் போய்த் தோளைத் தொட்டுத் திருப்ப முடிஞ்சுது.

இந்தச் சரக்குக்காரனை முப்பத்தோராயிரத்தோட நிறுத்தியிருக்கணும். அதுதான் முறை. முப்பத்தோராயிரத்துல நில்லு, கொழும்பு விமானம் உன் தலைக்கு மேல தாண்டிப் போகட்டும், தாண்டினதும் கூப்பிட்டு மேல ஏறச் சொல்றேன். சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம். ஆனா அவன் நயமாக் கேட்டான், இந்திக்காரக் குரல், மேடம், நடுவுல நிக்காம முப்பத்தாறாயிரம் வரைக்கும் நேரா ஏறிக்கலாமான்னு. நான் பார்த்தேன், தூரம் நிறைய இருந்துச்சு, வெட்டுற இடத்துக்கு வர்றதுக்குள்ள இவன் மேலே போயிருவான்னு தோணிச்சு, சரி ஏறிக்கோன்னுட்டேன். தோணிச்சாம், என்னத்தைத் தோணிச்சு? உண்மையைச் சொல்லு ஏட்டி, ரெண்டு தடவை பேச அலுப்பு. நிறுத்தினா திரும்பக் கூப்பிடணும், அவன் திரும்பச் சொல்வான், அது சரியான்னு நான் கேட்கணும், இந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு. ஒரே வார்த்தையில முடிச்சுருவோம், தப்பித் தவறி அவன் மெதுவா ஏறினா அப்ப ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திக்கலாம்னு விட்டேன். வயிறு நிறையச் சரக்கை ஏத்திக்கிட்டு இந்த வெயில்ல எந்த விமானம் வேகமா ஏறும்? ஏறல. ஆடி அசைஞ்சு வருது, தேர் மாதிரி. பயிற்சிக்கு வர்றவங்களுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன், கொடுமையைப் பாரு, நீ கொடுக்கிற உத்தரவு, கொடுத்த மறு நிமிஷம் நீ ஊமையாப் போனாலும் ரெண்டு பேரையும் காப்பாத்துற மாதிரி இருக்கணும், அப்புறமா ஒரு வார்த்தை சொல்லிக்கலாம்னு நம்பி எதையும் கொடுக்காதே, ரேடியோ என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தான்னு நானே கேட்பேன், அவங்களும் சிரிச்சுட்டுத் தலையாட்டுவாங்க. ஊருக்குத்தான் உபதேசம். இப்ப அந்த ரெண்டாவது வார்த்தை எனக்கு வேணும், நாக்கு நுனியில இருக்கு, சொல்ல வழியில்ல.

சொல்லிப் பார்த்தேன். சரக்கு விமானத்தோட பேரைச் சொல்லி, ஏறாதே, முப்பத்தோராயிரத்துல நிறுத்துன்னு நிதானமா, தெளிவா, பாடம் ஒப்பிக்கிற மாதிரி. விரலை எடுத்ததும் அதே இரைச்சல், அதே இருமல். என் குரலும் அந்தத் திறந்து கிடக்கிற மைக்கும் மேலே போய் ஒண்ணோட ஒண்ணு முட்டி விசிலாத்தான் விழுந்திருக்கும் அவன் காதுல. திரும்பச் சொன்னேன். இன்னொரு தடவை. புள்ளி பாட்டுக்கு ஏறுது, பக்கத்துல இருக்கிற உயர எண் இருபத்தெட்டாயிரத்தைத் தாண்டுது. என் பக்கத்து நாற்காலியில ஃபர்ஸானா, மத்த அறைகளோட ஃபோன்ல பேசி ஒழுங்கு பண்றது அவ வேலை, நான் ஒண்ணும் சொல்லாமலே அவளுக்குப் புரிஞ்சிருச்சு, ரெண்டு ஃபோனையும் எடுத்து, எங்க பக்கம் புதுசா ஒருத்தரையும் அனுப்பாதீங்க, இங்க மைக் மாட்டிக்கிட்டிருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டா. டியூட்டி ஆபீசர் நாச்சியப்பன் சார் டிபன் பாக்ஸை மூடாம எழுந்து வந்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏன் நேரா ஏறவிட்டீங்கன்னு கேட்கல, நல்ல மனுஷன், அந்தச் சரக்குக் கம்பெனி ஆபீசைக் கூப்பிட ஓடினார், அவங்க அங்கேருந்து விமானத்துக்கு எழுத்துல சேதி அனுப்பி, அதை அந்தப் பைலட் படிச்சு, அதுக்குள்ள விடிஞ்சிரும். அவசர அலைவரிசை ஒண்ணு இருக்கு, கார்ட்னு பேரு, எல்லா விமானமும் இன்னொரு ரேடியோவுல அதைத் திறந்து வச்சிருக்கணும்னு சட்டம். அதுல கூப்பிட்டேன். கூப்பிட்டு வாயை மூடல, எங்கேயோ இருநூறு மைலுக்கு அப்பால இருந்து ஒரு வெள்ளைக்காரன் அலட்சியமா, யூ ஆர் ஆன் கார்ட்ங்கிறான். நான் தெரியாம அவசர வரிசையில வந்துட்டேன்னு என்னைத் திருத்துறானாம். இது இவனுங்களுக்கு ஒரு விளையாட்டு, யாராவது தப்பா இதுல பேசிட்டா போதும், நாலு பேர் போலீஸ்காரன் மாதிரி பாய்ஞ்சு வருவானுங்க. இன்னொருத்தன் அதையே பாட்டு மாதிரி இழுத்துச் சொன்னான், மூணாவது ஆள் அவனைச் சும்மா இருன்னான், இந்தச் சண்டைக்கு நடுவுல என்னோட ரெண்டாவது தடவைக் கூப்பாடு அமுங்கியே போச்சு. இந்தக் கூத்தாலதான் பாதிப் பைலட்டுங்க கார்ட் சத்தத்தைக் குறைச்சு வச்சிடுறாங்க, நம்ம சரக்குக்காரனும் குறைச்சு வச்சிருப்பான், நான் அவன் இடத்துல இருந்தாலும் குறைச்சுத்தான் வச்சிருப்பேன். எனக்கு அழுகை வரல, எரிச்சல்தான் வந்துச்சு, எல்லார் மேலயும், முக்கியமா என் மேல.

அப்பத்தான் இரைச்சலுக்குள்ளேருந்து ஒருத்தர் தமிழ்ல பேச ஆரம்பிச்சார். முட்டி வலியைப் பத்தி. படி ஏறினா முட்டிக்குள்ள கடகடன்னு சத்தம் கேட்குது கண்ணு, அதான் கீழ் ரூமுக்கே கட்டிலைக் கொண்டாந்து போட்டாச்சுங்கிறார், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, நிதானமா, பெரியவர் குரல், பக்கத்துல இருக்கிற சின்ன வயசுத் துணைப் பைலட் சார் சார்னு கேட்டுக்கிறார். யாருன்னு தெரியாமலே அந்த மனுஷனோட வீட்டுக்குள்ள நுழைஞ்சு கட்டில் எங்கே கிடக்குன்னு வரைக்கும் பார்த்துட்டேன். எங்க அம்மா ஃபோன் பேசினா இப்படித்தான், பேசி முடிச்சுட்டு சிவப்புப் பட்டனை அமுக்கத் தெரியாம அப்படியே மேஜையில வச்சிருவா, நானும் வைக்காம கேட்டுக்கிட்டிருப்பேன், பாத்திரம் உருளுறது, வேலைக்கு வர்ற அக்கா கிட்ட என்னைப் பத்திச் சொல்றது, அவளுக்கு எங்க நேரம், அவ ஆகாசத்தைக் கட்டி மேய்க்கிறா, பெத்தவளை மேய்க்க ஆளில்லன்னு. அம்மா, ஃபோனை வைன்னு இங்கேருந்து கத்துவேன். அவளுக்குக் கேட்காது. கேட்காதுன்னு தெரிஞ்சும் கத்துவேன். யாருக்குச் சேராதுன்னு தெரியுமோ அவங்ககிட்டதான் வாய் நிக்காமப் பேசுது. இப்பவும் மனசுக்குள்ள கத்துறேன், ஐயா முட்டிக்காரரே, கையை எடுங்க, எங்கேயோ ஒரு பட்டன் அமுங்கிக் கிடக்கு, உங்க முட்டிக்கு அடியிலயா, சீட்டு இடுக்குலயா, தயவு பண்ணி ஒரு தடவை அசைஞ்சு உட்காருங்க. அவர் அசையல. வாங்கின தேயிலைப் பொட்டலத்தைப் பத்திச் சொல்றார், ஏர்போர்ட்டு கடையில வாங்காதே, ஹோட்டலுக்குப் பின்னால ஒரு சந்து இருக்கு, அங்கதான் நல்லது கிடைக்கும், கொழும்புல எனக்குத் தெரியாத சந்தான்னு. கொழும்பு. என் வானத்துல இப்பக் கொழும்பிலேருந்து வந்த விமானம் ஒண்ணுதான். குறுக்க நிக்கிற எருமையே அவர்தான். யாரைக் காப்பாத்த நான் கத்திக்கிட்டிருக்கேனோ அவரேதான் என் வாயை அடைச்சு வச்சிருக்கார், அவருக்கு அது தெரியாது, மைக் திறந்து கிடக்கிற ரேடியோவுல வேற எதுவும் காதுல விழாது, அவரைப் பொறுத்தவரைக்கும் இது ஒரு அமைதியான மத்தியானம்.

ரொம்ப நேரமாச் சத்தமே இல்ல சார்னு பக்கத்துல இருக்கிறவர் கேட்டார். சாப்பாட்டு நேரமாச்சே கண்ணு, டிராஃபிக் இருக்காது, போச்சாது விடுன்னார் பெரியவர். கேளுப்பா, கேளு, விடாதே, சத்தம் ஏன் இல்லன்னு இன்னொரு தடவை கேளுன்னு நான் அந்தச் சின்னவர் குரலைக் கெஞ்சுறேன். ஆனா பேச்சு என் பக்கம் திரும்பிருச்சு. அந்த மேடம் குரல் இன்னிக்கு ரொம்ப டல்லா இருந்துச்சு சார்ங்கிறார். ஆமா, தூக்கம் இல்ல போலிருக்கு, பாவம், நமக்காவது எறங்குனா ஹோட்டலு, அவங்களுக்கு வீட்டுக்குப் போனாலும் வேலைதான், ஆனா கெட்டிக்கார அம்மணி, பேரு தெரியாது, பல வருசமா இந்தக் குரலை எனக்குத் தெரியும், ஒருக்கா புயல்ல மாட்டி மேகத்துக்குள்ள நான் முழிச்சுக்கிட்டு இருந்தப்ப சும்மா பேசிப் பேசியே என்னை வெளிய கொண்டாந்தாங்கன்னார். எந்தப் புயல்? எனக்கு நெனைவே இல்ல. எத்தனையோ புயல், எத்தனையோ பேர். ஃபர்ஸானா என்னைப் பார்க்காம திரையையே பார்க்கிறா, அவளுக்கும் காதுல இதெல்லாம் கேட்குது, அந்தச் சரக்குக்காரனுக்கும் கேட்கும், தமிழ் தெரியாததால எவனோ கதை பேசுறான்னு நினைச்சுட்டு ஏறிக்கிட்டே இருப்பான். எனக்கு வெட்கமா இருக்கு. திட்டியிருந்தா தாங்கிக்கலாம். இந்தக் கிழவி உயிரை வாங்குறான்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா இந்த நேரத்துல எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். நல்லவர், நல்லவர் வாயில விழக் கூடாத நாள் பார்த்து விழுந்திருக்கேன். அவருக்குப் பின்னால எத்தனை பேரோ உட்கார்ந்திருப்பாங்க, இலவசமாக் கொடுத்த சாப்பாட்டை முடிச்சுட்டு ஜன்னல் மூடியை இறக்கிட்டு வாயைத் திறந்து தூங்கிக்கிட்டிருப்பாங்க, மடியில பிள்ளையைப் போட்டுத் தட்டிக்கிட்டிருப்பாங்க. அவங்களை நினைக்காதே. எண்ணை மட்டும் பாரு. முப்பது. முப்பது தாண்டியாச்சு.

திரையில ரெண்டு புள்ளியும் சிவப்பாச்சு. மெஷின் தன் பங்குக்குக் கீக்கீக்னு கத்துது, எனக்குத் தெரியாததைச் சொல்ற மாதிரி. இதுவரைக்கும் ஓரமா உட்கார்ந்திருந்த மத்தவங்களும் திரும்பிப் பார்க்கிறாங்க, நாச்சியப்பன் சார் ஃபோன்ல யாரையோ ஹலோ ஹலோங்கிறார். நான் பட்டனை அமுக்கி அமுக்கி அதே ரெண்டு வரியைச் சொல்லிக்கிட்டே இருக்கேன், மந்திரம் மாதிரி, ஏறாதே, நிறுத்து, ஏறாதே, நிறுத்து, போய்ச் சேராதுன்னு தெரியும், சும்மா இருக்க முடியல. சூடு போய் இப்ப முதுகெல்லாம் ஐஸா இருக்கு. அந்த நேரத்துலதான் அந்தச் சின்னவர் சொன்னார்.

“சார், கீழ ஒண்ணு ஏறி வருது. நம்ம பாதைக்கு.”

“எங்க? ஆமா. சரக்கு விமானமா இருக்கும்.”

“நிக்கிற மாதிரி தெரியல சார். கேட்கட்டுமா?”

“அந்த அம்மணி இருக்காங்கல்ல கண்ணு, பாத்துக்குவாங்க. நிறுத்திப் போடுவாங்க.”

கையிலேருந்து பட்டன் நழுவிருச்சு எனக்கு. கேட்கட்டுமான்னு கேட்டாரே, கேட்டிருந்தா அவர் பட்டனைத் தேடி அமுக்கி விட்டிருப்பார், விட்ட அந்தக் கண நேரத்துல நான் புகுந்திருப்பேன். கேட்க வேண்டாம்னுட்டாரே. என்னை நம்பித்தானே வேண்டாம்னார். அவர் காத்துக்கிட்டிருக்கார், நான் சரக்குக்காரனை நிறுத்துறதைக் கேட்கிறதுக்காக, என் குரலுக்காக, தேநீரை உறிஞ்சிக்கிட்டு. இயேசுவேன்னு வாய்விட்டுச் சொன்னேனா மனசுக்குள்ள சொன்னேனான்னு தெரியல. யாராவது என்னை இந்த நாற்காலியிலேருந்து இழுத்துப் போட்டா நல்லா இருக்கும். எல்லாம் முடிஞ்சு நாளைக்குப் பேப்பர்ல படிக்கிறவளா, பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரி கிட்ட உச் கொட்டுறவளா, யாராவது ஒருத்தியா நான் இருந்திருக்கக் கூடாதா. முப்பத்தொண்ணு. அதுக்கும் மேல. ரெண்டு சிவப்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறப் போகுது, பக்கத்துல இருக்கிற எழுத்தெல்லாம் கலந்து படிக்கவே முடியல.

காதுக்குள்ள ஒரு பொம்பளைக் குரல் மாதிரி மெஷின் குரல். டிராஃபிக், டிராஃபிக். அவங்க விமானத்துக்குள்ள இருக்கிற கருவி அது, ரெண்டு விமானத்துலயும் இருக்கும், ஒண்ணை ஒண்ணு மோப்பம் பிடிச்சு, கீழே இருக்கிற நாங்க எல்லாம் கைவிட்டப்புறம், கடைசியில ஒருத்தனை ஏறு, ஒருத்தனை இறங்குன்னு சொல்ற கருவி. பெரியவர் பேச்சு நின்னுச்சு. எங்கேன்னார். குரல் அதே நிதானம், ஆனா வேற ஆள். அதுக்குள்ள மெஷின் கத்துச்சு, க்ளைம்ப், க்ளைம்ப். ஏறு. ஒரு கோப்பை விழுற சத்தம், வார் இழுபடுற சத்தம், ஏதோ பெருசா அசைஞ்சுது, என் கையில வண்டின்னு அவர் சொல்றது பாதியில, டக். அந்த டக்தான். எவ்வளவு நேரமா எதுக்காகத் தவம் கிடந்தேனோ அந்த டக். இரைச்சல் போச்சு. அலைவரிசை திறந்துருச்சு, சுத்தமா, கழுவி விட்ட முற்றம் மாதிரி. என் வாய் எனக்குத் திரும்பக் கிடைச்சிருச்சு. விரல் தானாப் பட்டனுக்குப் போச்சு, ஃபர்ஸானா என் மணிக்கட்டைப் பிடிச்சா. அவ பிடிச்சது சரி. கருவி பேச ஆரம்பிச்சுட்டா நாங்க பேசக் கூடாது, இது உலகம் பூராவும் சட்டம், நாங்க ஒண்ணு சொல்லி அது ஒண்ணு சொல்லிக் குழப்பிரக் கூடாதுன்னு. வாய் இல்லாதப்பக் கத்தினேன், வாய் வந்ததும் மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ரெண்டு எண்களும் மாறிச்சு. ஒண்ணு கூடுது, ஒண்ணு கூடுறதை நிறுத்துது, நடுங்குது, அப்புறம் குறையுது. புள்ளியும் புள்ளியும் ஒண்ணா ஆச்சு. பிறகு ரெண்டாச்சு. ஒண்ணு மேற்கேயும் ஒண்ணு வடக்கேயும் ஒண்ணுமே நடக்காத மாதிரி போய்க்கிட்டே இருந்துச்சு.

முதல்ல பேசினது கொழும்பு விமானம். கருவி சொன்னபடி ஏறினோம், ஆபத்து விலகிருச்சு, பழைய உயரத்துக்குத் திரும்புறோம்னு இங்கிலீஷ்ல, அளந்து. சரின்னு நான் சொன்னது எனக்கே வேற யாரோ சொன்ன மாதிரி கேட்டுச்சு. சரக்குக்காரனும் சொன்னான், அப்புறம் அடக்க முடியாம அவனே அவருக்குச் சொல்லிட்டான், ஐயா, உங்க மைக் இவ்வளவு நேரமாத் திறந்தே இருந்துச்சு, இங்க ஒருத்தராலும் பேச முடியலன்னு. பத்து விமானமும் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கு. ரேடியோவுல இங்கிலீஷ்தான் பேசணும், அந்தப் பெரியவர் தமிழ்ல பேசினார்.

“அம்மணி, நாங்க பேசுனதெல்லாம் கேட்டுச்சுங்களா?”

“கேட்டுச்சு கேப்டன்.”

“எங்க மைக்கால வந்த வினை. தப்பு எங்க மேலதானுங்க. மன்னிச்சுக்குங்க.”

பின்னால நாச்சியப்பன் சார் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டுச்சு. டேப் ஓடிக்கிட்டிருக்கு, அவரே சொல்லிட்டார், அவர் குரல்லயே பதிவாயிருச்சு. நான் சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். விசாரணை வரும், மைக்குனு எழுதுவாங்க, பாதிப் பழி அங்கே போயிரும், பட்டனை ரிப்பேர் பண்ணுவாங்க, எனக்கு ரெண்டு வாரம் பயிற்சின்னு உட்கார வச்சுட்டுத் திரும்ப இதே நாற்காலியில உட்கார விடுவாங்க. பென்ஷனுக்கு இன்னும் வருஷம் கிடக்கு. எனக்கு இந்த வேலையைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. சொல்லு, ஒரு வார்த்தைதானே. ஆனா எனக்கு உடம்பெல்லாம் அப்படி ஒரு அலுப்பு, அந்தப் பொய்யைத் தூக்கிக்கிட்டு இத்தனை வருஷம் நடக்கிறதுக்கு என்கிட்டத் தெம்பில்ல. பட்டனை அமுக்கினேன்.

“இல்ல கேப்டன். அவரை நிறுத்தி ஏத்தியிருக்கணும். நிறுத்தாம ஏறச் சொன்னது நான். உங்க மைக் நல்லா இருந்திருந்தாலும் அது தப்புதான்.”

ஃபர்ஸானா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நாச்சியப்பன் சார் நாற்காலி முதுகுல கை வச்சார். இப்படி நடந்தா உடனே எழுந்திருக்கணும், வேற ஆள் உட்காரணும், அது தண்டனை இல்ல, முறை, எனக்கும் தெரியும். ஒரு நிமிஷம் சார்னு கையைக் காட்டினேன். அவர் பதில் வரணும்.

“தெரியுங்க அம்மணி”ன்னார் அவர். “அது ஏறி வந்த விதத்துலயே தெரிஞ்சு போச்சுங்க. அடுத்த அலைவரிசை நம்பர் குடுங்க, போறோம்.”

தெரிஞ்சேதான் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டார். நான் நம்பரைச் சொன்னேன், ஒவ்வொரு எண்ணா, ஒரு இடத்துல தடுமாறிட்டு, திரும்பச் சொன்னேன். அவர் அதை ஒரு எண் பிசகாம ஒப்பிச்சார். ஒப்பிச்சா மாறிப் போயிரணும், அடுத்த அறைக்காரங்க காத்துக்கிட்டிருப்பாங்க. மாறல. போயிட்டு வர்றோமுங்கன்னார். பின்னால தூங்குற அத்தனை பேருக்கும் சேர்த்து அவர் சொன்ன மாதிரி இருந்துச்சு எனக்கு, அதுக்கப்புறம்தான் கண்ணுல தண்ணி வந்துச்சு, திரை கலங்கி ஒரு புள்ளியும் தெரியல. வாங்கன்னேன். அவருக்குக் கேட்டுச்சா தெரியல, அதுக்குள்ள நாச்சியப்பன் சார் என் தோளைத் தொட்டு எழுப்பிட்டார், ஃபர்ஸானா என் இடத்துல ஒயரைச் செருகிட்டு அடுத்த விமானத்தைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டா.